திருப்பித் தரப்படாது

பாபு ராவ் தெருவில்
தமிழைவிட வங்காள எழுத்து பெரிதாய்த் தொங்கும்
லாட்ஜுகளுக்கு இடையே
ஜெராக்ஸ் கடையோடு சுவரைப் பங்கிட்டு
ஆறுக்கு எட்டு, என் அலுவலகம்.
ஒரு கணினி. ஒரு பிரிண்டர்.
எதிரே உட்காருகிறவர் மடியில் எப்போதும்
ஆஸ்பத்திரிப் பை, அதில் மடிக்கக் கூடாத எக்ஸ்ரே.

எல்லோருக்கும் நான் திதி.

காலை பத்தேகாலுக்கு
அகர்தலா நாலாயிரத்து முந்நூறு.
மனைவியைக் கேட்டு வருகிறேன் என்று
லாட்ஜின் மூன்றாம் மாடிக்குப் போனார் தேப்நாத்.
இறங்கி வருவதற்குள் ஐயாயிரத்து நூறு.
"படி ஏறியதற்கு எண்ணூறு ரூபாயா, திதி?"
மூச்சு வாங்கியது அவருக்கு.

நான் ஏற்றவில்லை.
திரையின் அந்தப் பக்கம் எது உட்கார்ந்திருக்கிறது என்று
பதினோரு வருடமாய் எனக்கும் தெரியாது.
அது சாப்பிடப் போவதில்லை,
வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கடை அடைப்பதில்லை.

மூன்று கம்பெனி ஓடிய வருடம்
இதே தடம் இரண்டாயிரத்து எழுநூறு.
ஒருவன் நூறு குறைத்தால் அடுத்தவன் இருநூறு.
காட்பாடி ஆட்டோக்காரர்கள்கூட
அப்படி அடித்துக்கொண்டதில்லை.
மூன்றாவது கம்பெனியில் சூடாய்ச் சாப்பாடு தருவார்கள்,
குளிர்கிறதா என்று கேட்டுப் போர்வை தருவார்கள்.
வந்தவர்கள் எல்லோரும் அதைப் புகழ்ந்தார்கள்,
புகழ்ந்துவிட்டு
முந்நூறு குறைவானதில் ஏறினார்கள்.
நானும் மலிவைத்தான் முதலில் காட்டினேன்.
ஒரு மழைக்காலத்தில் அது படுத்துவிட்டது.
மிச்சம் இரண்டு பேர்
இப்போது ஐந்து ரூபாய் வித்தியாசத்தில்
அக்கம்பக்கத்து மீன்கூடைகள் மாதிரி
ஒரே விலை சொல்கிறார்கள்.

"வேலூரிலேயே ஏர்போர்ட் இல்லையா?"
தண்ணீர் இல்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டை என்று
ஊரே தன்னைக் கேலி செய்யும் பட்டியலில்
அப்துல்லாபுரத்து ஓடுதளத்தையும் சேர்த்துச் சொல்வேன்.
அவருக்குப் புரியவில்லை. மரியாதைக்குச் சிரித்தார்.

ஜன்னலுக்குத் தனி.
கால் நீட்டத் தனி.
சுகந்தாவுக்கு இடது முழங்கால் மடங்காது,
ஆகவே அதைக் கட்டினோம்.
பதினைந்து கிலோவுக்கு மேல் தனி.
தண்ணீர்?
இங்கேயே ஒரு பாட்டில் குடித்துவிட்டுப் போங்கள் என்றேன்.

பிறகு நான் கேட்கவே பிடிக்காத கேள்வி:
தேதி மாற்றிக்கொள்ளக் கூடியதா, கூடாததா?
மாற்றக்கூடியது ஆளுக்குத் தொள்ளாயிரம் அதிகம்.

வியாழக்கிழமை பயாப்ஸி முடிவு.
"நல்லபடி இருந்தால் சனிக்கிழமை போகலாம்"
என்றிருக்கிறார் டாக்டர்.
இருவருக்கும் ஆயிரத்து எண்ணூறு.
அறை வாடகை நானூற்றைம்பது.
நாலு நாள் என்று விரலில் எண்ணினார்.
எண்ணியது அது மட்டுமில்லை.
மாற்றக்கூடியதை வாங்கினால்
மாற்ற வேண்டி வரலாம் என்று
தானே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

"மாற்ற வேண்டாம்."
நேர்ந்துகொள்ளும் குரல் அது.
சனிக்கிழமை, இரண்டு இருக்கை.
பிரிண்டர் மெதுவாகத்தான் துப்பியது.

வியாழன் மாலை வந்தார்.
பையை மடியில் வைக்காமல் கீழே வைத்தார்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
ரத்து செய்யக் காரணம் தேர்வு செய் என்றது திரை:
திட்டம் மாறியது,
தவறான தேதி,
வேறு விமானம்,
மற்றவை.
மற்றவை என்பதை அழுத்தினேன்.
வரி மட்டும் திரும்ப வரும்,
ஆயிரத்து இருநூற்று நாற்பது, ஏழு வேலை நாட்களில்.
என் கமிஷனை நான் எடுக்கவில்லை;
அது நூற்றைம்பது, சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

"இன்னும் மூன்று வாரம், திதி.
அப்புறம் என்ன விலை இருக்கும்?"
தெரியாது என்றேன்.
அறைக்கு மாத வாடகை பேசப் போய்விட்டார்.

கடையடைக்கும் முன்
சும்மா சனிக்கிழமையைத் தட்டிப் பார்த்தேன்.
சிவப்பில் மின்னியது:
கடைசி இரண்டு இருக்கைகள்.
ஒன்பதாயிரத்து நானூறு.
ஒன்றில் கால் நீட்டலாம்.